பின்னால் வருபவரின் பிரேக்

மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் ஓடும் காரைப் பக்கத்துத் தடத்துக்கு மாற்ற ஸ்டியரிங்கைப் பெரிதாகத் திருப்ப வேண்டியதில்லை. சில டிகிரி அசைத்தால் மூன்றரை மீட்டர் நகர்ந்துவிடும். நான்கைந்து விநாடி வேலை. அதை எந்திரங்கள் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கற்றுக்கொண்டுவிட்டன. ஆனால் 'இப்போது மாறலாமா' என்கிற தீர்மானம் இன்னும் மனிதனுக்கும் எந்திரத்துக்கும் நடுவே கைமாறிக்கொண்டேதான் இருக்கிறது. அந்தத் தீர்மானம் எங்கே பிறந்தது, யார் யார் கையில் வளர்ந்தது, எந்தச் சட்டத்தின் வாசலில் காத்துக் கிடந்தது என்று பார்த்தால், வழி நெடுக ஒரே ஒரு ஆள் கூடவே வருகிறார். பக்கத்துத் தடத்தில் நமக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கும், முகம் தெரியாத ஓட்டுநர்.

அது பிறந்தது காரில் இல்லை. போக்குவரத்துப் பொறியாளர்களின் கணினியில். ஒரு சாலையை மூன்று தடமாக அகலப்படுத்தினால் நெரிசல் எவ்வளவு குறையும், பஸ்ஸுக்குத் தனித் தடம் ஒதுக்கினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று சாலை போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள அவர்கள் கணினிக்குள் பொம்மைக் கார்களை ஓட்டினார்கள். முன்னால் போகிற காரைப் பின்தொடர்வதற்கு விதி எழுதுவது அவ்வளவு சிரமமாக இல்லை. தடம் மாறுவதற்கு எழுதுவதுதான் பெரும்பாடு. ஆஸ்திரேலிய ஆய்வாளர் கிப்ஸ் 1986-இல் வெளியிட்ட கட்டுரைதான் இதில் அடித்தளக் கல். ஓட்டுநர் மனத்தில் ஓடுவதை அவர் மூன்று கேள்விகளாகப் பிரித்தார். மாற முடியுமா? மாறியாக வேண்டுமா? மாறினால் நன்மை உண்டா? திரும்ப வேண்டிய இடம் வெகுதூரத்தில் இருந்தால் மூன்றாவது கேள்வியே ஆட்சி செய்யும். நெருங்க நெருங்க இரண்டாவது கேள்வி மேலே வரும். திருப்பம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டால், வழக்கமாகத் துணியாத சிறு இடைவெளியிலும் ஓட்டுநர் புகத் துணிவார். இதையும் கிப்ஸ் விதிக்குள் கொண்டுவந்தார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிப்ஸ் காருக்குக் கட்டளை எழுதவில்லை. மனிதர்கள் எப்படி ஓட்டுகிறார்கள் என்பதைத்தான் விவரித்தார். நம்மைப் பற்றி எழுதப்பட்ட அந்த வர்ணனை பிற்பாடு எந்திரத்துக்கான உத்தரவாக மாறியதில்தான் இந்தக் கதையின் சுவையும் சிக்கலும் இருக்கின்றன.

நிஜச் சாலைக்கு அது வந்தது ஜெர்மனி வழியாக. மியூனிக்கில் ராணுவத்தின் பல்கலைக்கழகத்தில் எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ் என்ற பேராசிரியர் ஐந்து டன் மெர்சிடிஸ் வேன் ஒன்றுக்குள் கேமராவையும் கணினிகளையும் அடுக்கி, 1987-இல் ஆளில்லாத நெடுஞ்சாலைப் பகுதியில் மணிக்கு 96 கி.மீ. வேகத்தில் அதைத் தானாக ஓடவிட்டார். காலி ரோட்டில் தடம் மாற அவசியமே இல்லை. ஐரோப்பிய நாடுகள் கூடி நடத்திய புரோமீதியஸ் திட்டத்தில் அவருடைய குழுவின் பங்கோடு இரண்டு மெர்சிடிஸ் 500 எஸ்.இ.எல். கார்கள் தயாராயின. 1994 அக்டோபரில் பாரிஸுக்கு அருகே, மூன்று தட நெடுஞ்சாலையில், சாதாரண வண்டிகளுக்கு நடுவே, விருந்தினர்களையும் ஏற்றிக்கொண்டு அவை மணிக்கு 130 கி.மீ. வரை ஓடின. முன்னால் போகும் வண்டியைப் பின்தொடர்வதோடு, தடம் மாறி முந்துவதையும் செய்து காட்டின. அதற்காகவே அந்தக் கார்களில் பின்பக்கமும் கேமராக்கள் வைத்திருந்தார்கள். காருக்கு முதுகில் கண் வைக்க வேண்டும் என்று அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதைப் பின்னால் வந்த சிலர் மறந்தார்கள், அதற்கு வருகிறேன். அடுத்த ஆண்டு அதே வகைக் கார் ஒன்று மியூனிக்கிலிருந்து டென்மார்க்கின் ஒடென்ஸே வரை போய்வந்த பயணத்தில் 1,700 கி.மீ.க்கு மேல் ஓடியது. அதில் சுமார் 95 விழுக்காடு தூரம் மனிதக் கை படவில்லை. வேகம் சில இடங்களில் 175 கி.மீ.யைத் தாண்டியது.

அதே 1995-இல் அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் ஒரு போண்டியாக் வேனைப் பிட்ஸ்பர்கிலிருந்து சான் டியேகோ வரை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஸ்டியரிங் மட்டும்தான் எந்திரத்தினுடையது. ஆக்சிலேட்டரும் பிரேக்கும் மனிதரிடம். தடம் மாறும் முடிவும் அவர்களிடமே. அந்த முடிவை எந்திரத்துக்குக் கற்றுத்தரும் வேலையை அங்கே முனைவர் பட்டத்துக்காக எடுத்துக்கொண்டவர் ராகுல் சுக்தன்கர். 1997-இல் முடிந்த அவருடைய ஆய்வு, சாலையில் நடப்பதை ஒரு பஞ்சாயத்தாக்கியது. முன்னால் போகும் லாரிக்கு ஒரு சிறு நிரல், பின்னால் வரும் காருக்கு ஒன்று, இறங்க வேண்டிய வழிக்கு ஒன்று, விரும்பிய வேகத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் 'இடப்பக்கம் போ', 'இப்படியே இரு', 'வேகத்தைக் குறை' என்று ஓட்டுப் போடும். எந்த ஓட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்பதைக் கணினிக்குள் கார்களைத் தலைமுறை தலைமுறையாக ஓடவிட்டு, மோதியவற்றையும் வழி தவறியவற்றையும் கழித்துக் கண்டுபிடித்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் சான் டியேகோவில் நடந்த பெரிய செயல்விளக்கத்தில் கார்னகி மெலன் குழு ஹூஸ்டன் நகரப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்களையே தானாக ஓடவைத்தது. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஆனால் அரசாங்கம் கொஞ்ச நாளில் அந்தத் திட்டத்துக்கான பணத்தை நிறுத்திவிட்டது.

இந்தத் தீர்மானத்தின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் டிரெஸ்டன் நகரத்தில் நடக்கிறது. அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆர்னே கெஸ்டிங், மார்ட்டின் டிரைபர், டிர்க் ஹெல்பிங் மூவரும் சேர்ந்து 2007-இல் வெளியிட்ட விதிக்கு 'மோபில்' என்று பெயர். தடம் மாறுவதால் எல்லோருமாகச் சேர்ந்து போட வேண்டிய பிரேக்கைக் குறைப்பதுதான் அதன் நோக்கம். விதி இரண்டே வரி.

முதல் வரி பாதுகாப்பு. நான் உள்ளே புகுந்தால், புதிதாக எனக்குப் பின்னால் வரப்போகிறவர் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பிரேக் போட நேருமானால் மாறக் கூடாது. அந்த அளவை அவர்கள் விநாடிக்கு விநாடி 4 மீட்டர் என்று வைத்தார்கள். அதாவது ஒவ்வொரு விநாடியிலும் மணிக்குச் சுமார் 14 கி.மீ. வேகம் குறைகிற பிரேக். மடியில் இருக்கும் பை முன்னால் சரியும்.

இரண்டாவது வரி ஆசை. மாறினால் எனக்குக் கிடைக்கும் லாபத்தோடு மற்றவர்களின் லாப நட்டத்தையும் கூட்ட வேண்டும். ஆனால் அவர்களுடையதை அப்படியே கூட்டாமல் ஓர் எண்ணால் பெருக்கிக் கூட்ட வேண்டும். அந்த எண்ணுக்கு அவர்கள் வைத்த பெயர் மரியாதைக் காரணி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துத் தடத்துக்குப் போனால் எனக்கு முடுக்கத்தில் 1 அலகு லாபம். அங்கே பின்னால் வருகிறவருக்கு 2 அலகு நட்டம். எனக்குப் பின்னால் இப்போது இருப்பவருக்கு லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மரியாதைக் காரணி பூஜ்யம் என்றால் அவருடைய நட்டம் கணக்கிலேயே வராது, போய்விடுவேன். 0.2 என்றால் ஒன்றிலிருந்து 0.4 கழியும், மீதி 0.6, அப்போதும் போவேன். 0.5 என்றால் ஒன்றிலிருந்து ஒன்று போய் மிச்சம் ஒன்றுமில்லை, லாரியின் புகையைப் பார்த்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருப்பேன். ஒன்று என்று வைத்தால் அடுத்தவர் நட்டமும் என் நட்டமும் சமம். அந்த எண்ணைப் பூஜ்யத்துக்குக் கீழேயும் இறக்கலாம். அப்போது பிறருக்குத் தொந்தரவு தருவதிலேயே சந்தோஷப்படும் ஓட்டுநர் கிடைப்பார். அவரையும் நாம் சாலையில் பார்த்திருக்கிறோம்.

கூடவே இன்னொரு சின்ன நிபந்தனை. மொத்த லாபம் 0.1-ஐத் தாண்டினால்தான் மாற வேண்டும். இது இல்லாவிட்டால் எந்திரம் இடப்பக்கம் போனதும் வலப்பக்கம் நன்றாகத் தெரியும், வலப்பக்கம் வந்ததும் இடப்பக்கம் நன்றாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே அலைந்துகொண்டே இருக்கும்.

ரயிலில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் இருக்கையில் நாலாவதாக 'கொஞ்சம் தள்ளிக்குங்க' என்று உட்காருகிறவரின் தயக்கத்தை டிரெஸ்டன்காரர்கள் ஒற்றை எண்ணாக்கிவிட்டார்கள். சரியான எண் எது என்று மட்டும் சூத்திரம் சொல்லாது. அதை வெளியிலிருந்துதான் போட வேண்டும்.

அதற்கு மனிதர்கள் நிஜத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது. 2005-இல் அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை சான் பிரான்சிஸ்கோ பக்கம் எமெரிவில்லிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் உயர்ந்த கட்டடங்களின் மேல் கேமராக்களை வைத்து, கீழே போன ஒவ்வொரு வண்டியையும் விநாடிக்குப் பத்து முறை குறித்துக்கொண்டது. 2018-இல் ஆகன் பல்கலைக்கழகக் குழு கொலோன் நகரத்தைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலைகளுக்கு மேல் டிரோன் பறக்கவிட்டது. பதினாறரை மணி நேரப் பதிவில் 1,10,000 வண்டிகள். முழுதாகப் பதிவான தடமாற்றங்கள் 5,600 மட்டுமே. தடமாற்றம் அவ்வளவு அபூர்வமா என்று முதலில் ஆச்சரியமாக இருக்கும். டிரோனின் பார்வைக்குள் ஒரு வண்டி சில நூறு மீட்டர்தானே ஓடுகிறது.

இந்தத் தீர்மானம் கடையில் விற்கும் கார்களுக்கு வந்த விதம் வேறு. 2005-ஆம் ஆண்டை ஒட்டி வால்வோ தன் கார்களின் பக்கக் கண்ணாடிக்கு அடியில் கேமரா வைத்து, மறைபகுதியில் வண்டி இருந்தால் ஒரு சின்ன விளக்கை எரியவிட்டது. தீர்மானம் முழுக்க ஓட்டுநருடையது, எந்திரம் சைகை மட்டும் காட்டும். பல ஆண்டுகள் அதோடு நின்றது. 2015 அக்டோபரில் டெஸ்லா ஒரு படி தாண்டியது. ஆட்டோபைலட் ஓடும்போது இண்டிகேட்டரைத் தட்டினால் கார் தானே மாறும். அன்றைய டெஸ்லாவுக்குப் பின்னால் பார்க்கச் சுற்றிலும் பன்னிரண்டு அல்ட்ராசோனிக் சென்சார்கள் இருந்தன, எட்டும் தூரம் சுமார் ஐந்து மீட்டர். ஒரு கார் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். டிக்மன்ஸின் காருக்கு இருந்த முதுகுக் கண் இதற்கு இல்லை. பக்கத்தில் ஒட்டி நிற்கும் வண்டியை அது அறியும், 40 மீட்டர் பின்னால் பாய்ந்து வரும் வண்டியை அறியாது. அந்த வேலையை ஓட்டுநர் தலை திருப்பிச் செய்ய வேண்டும்.

அடுத்து வந்த கார்களில் எட்டு கேமராக்கள். 2018 அக்டோபரில் காரே 'இங்கே மாறலாமா' என்று கேட்க ஆரம்பித்தது, ஓட்டுநர் சரி என்று தட்ட வேண்டும். அதன் அமைப்புப் பக்கத்தில் ஓட்டுநர் விருப்பம் போல் தேர்ந்தெடுக்க மூன்று மனநிலைகள் இருந்தன: சாது, சராசரி, மேட் மேக்ஸ். மூன்றாவது, பாலைவனச் சாலையில் கொலைவெறியோடு வண்டி ஓட்டும் சினிமாவின் பெயர். டிரெஸ்டனில் எங்கிருந்தாவது போட வேண்டும் என்று விட்டுவைத்த மரியாதை எண்ணை இங்கே கார் வாங்கியவர் திரையில் விரல் வைத்துத் தேர்ந்தெடுக்கலாம் என்றாகிவிட்டது. சிரிக்கலாம்தான். ஆனால் அந்தப் பொத்தான் எனக்குச் சிரிப்பை வரவழைக்கவில்லை. பிரேக் போடப்போவது பொத்தானைத் தொட்டவர் இல்லையே.

2019 ஏப்ரலில் கேட்பதும் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளும் வசதி வந்தது. அடுத்த மாதமே அமெரிக்காவின் நுகர்வோர் பத்திரிகையான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அதை ஓட்டிப் பார்த்துச் சாதாரண மனித ஓட்டுநரைவிட வெகு மட்டம் என்று எழுதியது. போதிய இடம் விடாமல் பிற வண்டிகளின் குறுக்கே புகுந்தது, மாநிலச் சட்டங்களுக்கு ஒவ்வாத விதத்தில் முந்தியது, பின்னாலிருந்து வேகமாக வருபவற்றைச் சரியாகக் கணிக்கவில்லை என்பவை அவர்களுடைய குறைகள். மறுபடியும் அதே பின்னால் வருபவர்தான்.

ஐரோப்பாவில் கதை இப்படி ஓடவில்லை. காரணம் ஐ.நா.வின் வண்டி விதிகள். ஸ்டியரிங்குக்கான 79-ஆம் விதியில் 2018 வாக்கில் தடமாற்றத்துக்கு இடம் கொடுத்தார்கள். இண்டிகேட்டரை ஓட்டுநரே போட வேண்டும். போட்டதும் கார் உடனே நகரக் கூடாது. மூன்று விநாடிக்கு முன்னால் தடக் கோட்டைத் தொட்டாலும் தப்பு, ஐந்துக்குப் பின்னால் தொட்டாலும் தப்பு. இண்டிகேட்டர் மினுங்குவதைப் பின்னால் வருபவர் பார்க்க அவகாசம் வேண்டுமே. அதற்குத்தான் அந்த மூன்று விநாடி. 2019-இல் டெஸ்லா தன் ஐரோப்பியக் கார்களை இதற்கேற்ப அடக்கியபோது, நேற்று வரை செய்த வேலையை இன்று கார் செய்ய மறுக்கிறது என்று வாங்கியவர்கள் புலம்பினார்கள். நெரிசலில் ஐந்து விநாடிக்குள் இடைவெளி அமையாவிட்டால் கார் முயற்சியையே கைவிட்டுவிடும்.

அந்த விதிக்குள் ஒரு சூத்திரம் இருக்கிறது. என் கார் கோட்டைத் தொட்டு 0.4 விநாடி கழித்துப் பின்னால் வருபவர் பிரேக் போடுகிறார். அந்த பிரேக் விநாடிக்கு விநாடி 3 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. போட்டு முடித்தபின் எங்களுக்கு நடுவே என் கார் ஒரு விநாடியில் கடக்கும் தூரமாவது மிச்சம் இருக்க வேண்டும். டிரெஸ்டனின் 4 இங்கே 3 ஆகிவிட்டது. விஞ்ஞானிகள் அனுமதித்ததைவிடச் சட்டம் கொஞ்சம் இதமான பிரேக்கைக் கேட்கிறது. நான் 80-இலும் அவர் 130-இலும் வந்தால் இதன்படி எங்களுக்கு நடுவே சுமார் 60 மீட்டர் வேண்டும். ஜெர்மனியில் வேகக் கட்டுப்பாடு இல்லாத இடத்தில் அவர் 200-இல் வந்தால்? கிட்டத்தட்ட 220 மீட்டர். வேக வித்தியாசம் இரண்டரை மடங்குகூட ஆகவில்லை, இடைவெளி மூன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது. வேக வித்தியாசத்தின் வர்க்கம் சூத்திரத்துக்குள் உட்கார்ந்திருப்பதால் வரும் வினை இது. பின்பக்க ரேடாரின் கண் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதே இதனால் தடமாற்றத்தின் எல்லையாகிறது. பின்னால் 55 மீட்டர் மட்டுமே பார்க்கும் கார், 130-இல் ஒருவர் வருவதாக வைத்துக் கணக்குப் போட்டால், தன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 85 கி.மீ.க்குக் கீழே இருக்கையில் மாறத் துணியக் கூடாது.

இவ்வளவும் பின்னால் வருபவர் நம்மைப் பார்த்தபின் எப்படி நடந்துகொள்வார் என்பதை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு. நெரிசலில் இடைவெளி தானாக இருக்காது, மூக்கை நுழைத்தால்தான் உண்டாகும். விதியை மட்டும் நம்பும் கார் அங்கே மாலை வரை இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு நிற்கும். 2016-இல் பெர்க்லியில் டோர்சா சடீக்கும் அவருடைய குழுவினரும் இதைத் தலைகீழாக்கிப் பார்த்தார்கள். மனிதர் எப்படிப் பதில் வினை காட்டுவார் என்பதையும் காரின் திட்டத்துக்குள் சேர்த்தார்கள். அந்தக் கார், தான் புகுந்தால் அவர் வேகத்தைக் குறைப்பார் என்று எதிர்பார்த்தே முன்னால் வந்து சேரக் கற்றுக்கொண்டது. அவருடைய பிரேக்கைத் தவிர்க்க வேண்டிய செலவாகப் பார்த்தது முந்தைய விதி. அதையே கருவியாகப் பயன்படுத்தியது இது. திறமைதான். ஆனால் ஒருவர் பொறுமையின் மேல் ஏறி நிற்கும் திறமை. அவர் அன்றைக்குப் பொறுமையாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி அதில் மிச்சமிருக்கிறது.

அதன்பின் அனுமதிகள் மளமளவென்று வந்தன. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு கார்களில் கையை எடுத்துவிட்டு ஓட்டும்போதும் தடமாற்றம் நடக்கிறது. 2023-இல் வந்த பி.எம்.டபிள்யூ. 5 வரிசையில், கார் 'மாறலாம்' என்று யோசனை சொன்னதும் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியைப் பார்த்தால் போதும். கண் போன திசையைக் கேமரா பார்த்துக்கொண்டு கார் நகரும். இந்த யோசனையை நான் ரசித்தேன். சம்மதத்துக்குக் கேட்கும் சைகையே, பின்னால் யார் வருகிறார் என்று பார்க்கிற வேலையாகவும் ஆகிவிடுகிறது. ஓட்டுநர் கவனிக்கவே தேவையில்லாத தானியங்கி ஓட்டத்துக்கான 157-ஆம் விதி 2021 ஜனவரியில் 60 கி.மீ. வேகத்தில், தடம் மாறாமல் என்று தொடங்கி, 2022 ஜூன் திருத்தத்தில் 130 கி.மீ. வரையும் தடமாற்றம் வரையும் விரிந்தது. அங்கே இண்டிகேட்டர் போடுவதும் எந்திரம், கண்ணாடி பார்ப்பதும் எந்திரம். ஓட்டுநர் பொறுப்பிலேயே இருக்கும் உதவி அமைப்புகளுக்கென 171-ஆம் விதி 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இந்த விதிகள் எல்லாவற்றுக்கும் தரையில் ஒரு வெள்ளைக் கோடு வேண்டும். எமெரிவில்லின் கேமராவுக்கும் கொலோனின் டிரோனுக்கும் ஒப்பான ஒரு பதிவு, கோட்டுக்குள் அடங்காத சென்னைப் போக்குவரத்துக்கும் உண்டு. 2014-இல் சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்தைப் படமெடுத்து, ஒவ்வொரு வண்டியின் இடத்தையும் அரை விநாடிக்கு ஒருமுறை குறித்தார்கள். வெங்கடேசன் கனகராஜ், கௌரி ஆசைத்தம்பி உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதை அடுத்த ஆண்டே வெளியிட்டார்கள். பலவகை வண்டிகள் கலந்து ஓடும் போக்குவரத்தைப் படிக்கிறவர்கள் இன்றும் அதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். மோட்டார் சைக்கிள், ஆட்டோ, கார், பஸ் எல்லாம் அதில் கலந்து போகின்றன. தடம் மாறுதல் என்று தனியே ஒரு செயலை அதில் வெட்டியெடுக்க முடியாது, பக்கவாட்டு நகர்வு ஓயாமல் நடக்கிறது. ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஒரே நேரத்தில் ஒரு காரும், அதன் இடப்புறம் ஓர் ஆட்டோவும், இரண்டுக்கும் நடுவே ஒரு பைக்கும் இருக்கலாம். மோபில் விதியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் அது முதலில் கேட்பது, பஸ் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தால் அந்த மூவரில் யாருடைய பிரேக்கைக் கணக்கில் எடுப்பது, மரியாதை எண்ணை அவர்களுக்குள் எப்படிப் பங்கிடுவது என்பதைத்தான். கிப்ஸ் செய்ததைப் போல முதலில் வர்ணனை எழுதும் வேலைதான் அங்கே இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.